பெஸ்ஸியின் புண் ஆறியது

பங்களாவின் பின்விறாந்தையில் அன்று பகல் மூன்று பேரும் ஒரு நாயும் இருந்தார்கள். தோட்டத்துக் கிளாக்கர் சுந்தரலிங்கம் துரையின் பிரம்பு நாற்காலியில், அது துரையின் நாற்காலி என்பது முதுகுக்கு மறந்துவிடாதபடி, நுனியில் உட்கார்ந்திருந்தான். நாய் பார்க்கும் அழகர் அவன் காலடியில் ஈரச் சிமெந்தில் சம்மணம் போட்டிருந்தான். சமையற்காரர் இப்றாஹீம், நாயின் எச்சில் தெறித்தால் உடுப்பு முழுவதையும் கழுவ வேண்டிவரும் என்பதால், குசினி வாசற்படிக்கு உள்ளே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் குந்தியிருந்தார். பெஸ்ஸி அழகரின் முழங்கால்களுக்கு நடுவே இருந்தது.

நாயின் கழுத்தில் கூடை மாட்டத்தான் கூடியிருந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையில் கயிறு கொடுத்து முதுகில் தொங்கவிடும் கூடை. அதன் அடியை வெட்டி எடுத்து, உயரத்தையும் குறைத்து, கழுத்தைச் சுற்றி நிற்கும் வேலி மாதிரி ஆக்கியிருந்தார்கள். அதை மாட்டிவிட்டால் நாய் தலையைத் திருப்பித் தன் புண்ணை நக்க முடியாது. நக்காவிட்டால் புண் ஆறும். மருந்து பாதி, நக்கவிடாமல் வைப்பது பாதி என்று பதுளையிலிருந்து வந்துபோன குதிரை வைத்தியர் சொல்லியிருந்தார்.

முன்னொரு தரம் சாக்குத்துணியில் பட்டை கட்டிப் பார்த்தபோது பெஸ்ஸி அழகரின் கையைக் கவ்வி, துணியைக் கிழித்து, தூணில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து இரத்தம் வரவழைத்துக்கொண்டது. அந்த நினைப்பில் சுந்தரலிங்கம் தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். அழகர் கூடையைத் தூக்கினான்.

நாய் முரண்டவில்லை. முன்னங்கால்களை ஒன்றுசேர்த்து நின்றது. கழுத்தைத் தாழ்த்தி, நெற்றியை முன்னால் நீட்டி, கூடைக் கயிறு உச்சந்தலையில் வந்து உட்காரும் வரைக்கும் அப்படியே காத்திருந்தது. உட்கார்ந்ததும் தலையை ஒருதரம் இடவலமாக அசைத்துக் கயிற்றைச் சரிசெய்துகொண்டது.

அழகரின் கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன.

“என்னடா, பிள்ளையார் மாதிரி உக்காந்துட்ட?”

“தலையக் குடுக்குதுங்கய்யா.”

“குடுத்தா நல்லதுதானே. முடிச்சப் போடு.”

இப்றாஹீம் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். “நாய் இப்படித் தலை குடுத்து நான் கண்டதில்ல, கிளாக்கர்.”

“நாய் நின்னா நீங்க நிக்கிற இடமே வேற, இப்றாஹீம் நானா. எங்கேயிருந்து கண்டீங்க?”

இப்றாஹீம் சிரித்தார். அழகர் சிரிக்கவில்லை. அவன் அந்தத் தலையசைப்பைத் தினமும் விடியற்காலையில், தான் குடியிருக்கும் லயத்து வாசலில், வேறொரு தலையில் பார்த்தவன்.

பெஸ்ஸி துரைசானியின் நாய். செம்பழுப்பு நிறம், தொங்கும் காது, சீமையிலிருந்து கப்பலில் வந்தது. துரையும் துரைசானியும் கொழும்புக்குப் புறப்பட்டபோது அதன் வயிற்றிலும் தொடையிலும் இரண்டு மூன்று சொறிப்பூச்சிப் புண்கள்தான் இருந்தன. துரை குதிரையில் ஏறிக்கொண்டே சுந்தரலிங்கத்திடம் சொன்னார்: நான் திரும்பி வரும்போது இந்த நாயின் தோல் சுத்தமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உன் பெட்டியை நீயே கட்டி ரோட்டில் வைத்துக்கொள். அது வெறும் பேச்சில்லை. இவனுக்கு முன்னிருந்த கிளாக்கர், குதிரை நொண்டியதற்காக, மழையில் தன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்ததை நமுனுகுலை ரோட்டில் போனவர்களெல்லாம் பார்த்திருக்கிறார்கள். சுந்தரலிங்கத்துக்குத் திரும்பிப் போக இடமும் இல்லை. பதுளைக் கடைவீதியில் அப்பாவின் கடையை அண்ணன்மார் எடுத்துக்கொண்டு, படித்தவனுக்குக் கடை எதற்கு என்று அனுப்பிவிட்டிருந்தார்கள். இந்த வேலைதான் அவனுக்கு வீடு, பெயர், நாளை வரப்போகும் பெண்டாட்டி, எல்லாம்.

அதனால் அவன் ஒழுங்காகத்தான் செய்தான். புண்ணைச் சுற்றி மயிரை ஒட்ட வெட்டச் சொன்னான். படுக்கைச் சாக்குகளைக் கொதிநீரில் போட்டுக் காயவைத்தான். கெந்தகத்தை அம்மியில் அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவினான். எரிச்சல் தணிய ஆறிய சோற்றுக்கஞ்சியை ஊற்றினான். ஒன்றும் கேட்கவில்லை. பெஸ்ஸி சொறிந்தது. பகலெல்லாம் பின்னங்கால் பலகைத் தரையில் மோதும் டக், டக், டக் என்ற ஓசை பங்களாவின் சுவர்க்கடிகாரத்தை அமுக்கிக்கொண்டு கேட்டது. புண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, முன்னங்கால்களுக்கும் பரவி, வயிறு முழுவதும் தோல் உரித்த இறைச்சி நிறமாகியது.

கடைசியில் புகையிலைக் கஷாயம். யாழ்ப்பாணத்துப் புகையிலையை நறுக்கி, தண்ணீர் கறுத்துச் சுண்டும்வரை காய்ச்சி ஊற்றினால் சொறிப்பூச்சி ஒன்றுகூட மிஞ்சாது என்று கேள்விப்பட்டிருந்தான். எவ்வளவு காரம் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. காரம் கூடினால் நாய்க்கு ஏதும் ஆகிவிடலாம். துரைசானியின் நாயில் பரீட்சை செய்ய முடியுமா?

அழகரின் பெண்சாதி இராக்கம்மாவுக்கும் சொறி இருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, அந்தி நேரங்களில் நாயைக் குளிப்பாட்ட உதவியவள் அவள். அவள் மடியில்தான் அது கொஞ்சமாவது கண்ணயரும். இரண்டு முன்கைகளிலும் முழங்கை வரைக்கும் நாயின் புண்ணே அவளுக்கும் ஏறியிருந்தது.

சுந்தரலிங்கம் அவளைக் கூப்பிட்டனுப்பினான். அவள் புண்ணில் பொருக்குத் தட்டியிருந்தது. நாயின் புண் பச்சைப்புண். பொருக்கின் மேல் ஊற்றிப் பார்த்தால் பரீட்சை சரியாக வராது. ஆகவே தேங்காய்த் தும்பால் பொருக்கைத் தேய்த்தெடுக்கும்படி அழகரிடம் சொன்னான். அழகர் தயங்கினான். இரண்டாம்தரம் சொல்லவேண்டி வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முற்றத்துக் கல்லில் கைகளை நீட்டியபடி இருந்தாள். சுந்தரலிங்கம் கறுப்புக் கஷாயத்தை அப்படியே, தண்ணீர் கலக்காமல் ஊற்றினான்.

“எரியுதா?”

“இல்லீங்கய்யா.” அவள் முகம் மலர்ந்தது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அரிப்பு நின்ற முகம். “குளுகுளுன்னு இருக்குங்க. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க, மகராசன்.”

இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

சற்று நேரத்தில் அவள் வியர்த்தாள். வாயில் எச்சில் நூலாக வழிந்தது. வாந்தி எடுத்தாள். லயத்துக்குத் தூக்கிப்போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கை கால் வெட்டி இழுத்து அடங்கிப்போனாள். சுந்தரலிங்கம் தலைமாட்டில் நின்று, வாந்திபேதி என்று உரக்கச் சொன்னான். அந்தச் சொல்லைக் கேட்டதும் லயமே கதவடைத்துக்கொண்டது. இரவோடு சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாயிற்று. மறுநாள் கஷாயத்தில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, நாயின் வயிற்றில் பூசினான். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பரீட்சை சரியாகத்தான் வந்திருந்தது.

கூடையும் அவளுடையதுதான். அந்தத் தோட்டத்தில், கொழுந்தெடுத்த பெண் செத்தால் அவளுடைய கூடையைக் குழிமேட்டில் கவிழ்த்து வைப்பார்கள். அது மக்கி மண்ணாகும்வரை யாரும் தொடமாட்டார்கள். அவசர அடக்கத்தில் அது விட்டுப்போயிற்று. கருமாதியன்று கொண்டுபோய் வைக்கலாம் என்று அழகர் அதை லயத்துக் கூரைக் கம்பில் மாட்டியிருந்தான். ஸ்டோரில் புதுக் கூடைகள் அடுக்கியிருந்தன. ஆனால் துரையின் உத்தரவில்லாமல் புதுக் கூடை எடுக்க முடியாது, அதுவும் நாய்க்கு. செத்தவளுக்குக் கூடை எதற்கு, அது தோட்டத்துச் சாமான்தானே என்று சுந்தரலிங்கம் ஆள் விட்டு எடுப்பித்தான். அழகர் அடியை வெட்டியபோது கத்தியை இரண்டு தரம் கீழே போட்டான்.

கூடை மாட்டிய மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கொம்பு ஊதியது. மலைச்சரிவிலிருந்து மூடுபனி லயங்களின் கூரைமேல் கவிழ்ந்து, பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கம்பளியின் ஈர வாடையும் வெற்றிலை வாடையும் கலந்து வந்தன. சுந்தரலிங்கம் லாந்தரைத் தூக்கிப் பிடித்துப் பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு தலை, ஒரு கூடை. இன்னொரு தலை, இன்னொரு கூடை. பிறகு ஓர் இடைவெளி. லாந்தரைத் தாழ்த்தினான். இடைவெளியில் பனிக்குள் ஒரு கூடை மட்டும் மிதந்தது.

பெஸ்ஸி நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நின்றது.

பக்கத்தில் நின்ற கருப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “தொரைசானி நாயும் வேலைக்கு வந்திருச்சுங்கய்யா. அதுக்கும் ஒரு பேரு போடுங்க. முழுப்பேரு வேண்டாம், அரை நாள் கூலிக்கு அரைப்பேரு போதும், காலு நாலு இருக்குதுன்னு கூடக் கேக்காது!”

வரிசை கலகலத்தது. சுந்தரலிங்கமும் சிரிக்கப் பார்த்தான். யார் அதை அவிழ்த்துவிட்டது என்று கத்தினான். அழகர் ஓடிவந்து நாயைத் தூக்கிக்கொண்டு போனான். அது அவன் தோளுக்கு மேலாக, மலைக்கு ஏறும் பெண்களையே பார்த்துக்கொண்டு போயிற்று.

அடுத்த நாளும் அந்த இடைவெளியில் நாய் நின்றது. நாய்க் கொட்டில் கதவைத் தாழிட்டு வைத்தபோது, கொம்பு ஊதினதிலிருந்து அது நெற்றியால் கதவை முட்டி முட்டி மோதியதில் கூரைத்தகடு அதிர்ந்தது. நெற்றி உடைந்தால் துரைக்கு என்ன சொல்வது? திறந்துவிடச் சொன்னான். ஒரு விசயம் மட்டும் ஆறுதலாக இருந்தது. நாய் சொறிவதை நிறுத்திவிட்டது. வயிற்றுப் புண்கள் ஓரத்திலிருந்து சுருங்கி வந்தன. டக், டக் ஓசை இல்லாத பங்களாவில் இப்போது கடிகாரம் கேட்டது. கூரையில் நீர் சொட்டுவது கேட்டது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்ற ஓர் அமைதியும் கேட்டது.

ஒரு சாயந்தரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில், தராசுக்கு முன்னால் நீண்ட வரிசையில், கருப்பம்மா தன் கூடையை இறக்கிவிட்டு நகர்ந்தாள். அடுத்தவள் வரவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டிருந்த சுந்தரலிங்கம் தலை நிமிர்ந்தான். அடுத்து நின்றது நாய். பின்னால் நின்ற பெண்கள் ஓர் ஆள் நிற்கிற அளவு தள்ளி நின்றார்கள்.

பெஸ்ஸி முன்னால் வந்தது. வாயைத் திறந்து, தராசுத் தட்டில் எதையோ வைத்தது. பச்சைக் கொழுந்து. கடித்துக் குதறியதில்லை. நகத்தால் கிள்ளினாற்போலக் காம்பு நேராக, இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஒரு துளி எச்சில்கூட அதில் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. மழைக்கு முந்திய காற்றில் கொழுந்துச் சாக்குகள் படபடத்தன.

“நிறுத்துப் போடுங்கய்யா,” என்றாள் கருப்பம்மா. அவள் குரலில் இப்போது கிண்டல் இல்லை. “காத்துக்கிட்டு நிக்கிறா.”

“யாருடி நிக்கிறா?”

கருப்பம்மா தன் வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு, நாய்க்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனாள்.

துரைசானியின் நாயை உதைக்க முடியாது. சுந்தரலிங்கம் அழகரை அடித்தான். கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பிரம்பு தெறிக்கும்வரை அடித்தான். “பழக்கி விட்டிருக்க! என்னப் பயமுறுத்தப் பாக்குற, நாயே!”

அழகர் அடியைத் தடுக்கவில்லை. முடிந்ததும் தரையிலிருந்து தலைப்பாகையை எடுத்து உதறினான். “கொழுந்தெடுக்க எனக்கே தெரியாதுங்கய்யா. நான் எப்புடி அதுக்குப் பழக்குறது?”

துரையிடமிருந்து ஆள் வந்தது. பண்டாரவளைக்கு ரயிலில் வருகிறாராம். இரண்டு நாள் அங்கே தங்கிவிட்டு மேலே வருவாராம். நாயின் நிலைமையை எழுதி உடனே அனுப்பு என்றாராம். சுந்தரலிங்கம் கொட்டிலுக்குப் போனான். நல்ல பகல் வெளிச்சத்தில் நாயை மல்லாக்கப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வோர் இடமாகப் பார்த்தான். வயிறு ஆறியிருந்தது. தொடை ஆறியிருந்தது. புண் ஒன்றுகூட இல்லை. அவன் நெஞ்சு இலேசாயிற்று.

பிறகு முன்னங்கால்களைப் பார்த்தான்.

ஆறிய இடத்தில் மயிர் முளைக்கவில்லை. தோல் மட்டும் வந்திருந்தது. வழவழப்பாக, மாநிறமாக, மெல்லிய ரோமம் படர்ந்த தோல். பாதத்திலிருந்து மேல்மூட்டு வரைக்கும், இரண்டு காலிலும். நாயின் தோல் இப்படி இருக்காது. இடது காலின் உட்புறத்தில் பச்சை நிறத்தில் புள்ளிகள். புள்ளிகளைச் சுற்றி ஒரு கோடு. ஒரு சின்னக் கோலம்.

“என்னடா இது?”

“பச்சைங்கய்யா.”

“நாய்க்கு யார்றா பச்சை குத்துனது?”

அழகர் அந்தக் காலைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தான். பெருவிரல் அந்தக் கோலத்தின் மேல் மெதுவாகப் போய் வந்தது. “ஊர்ல குத்துனதுங்க. கப்பலேறுறதுக்கு முந்தி. அவ ஆத்தா கையப் புடிச்சிக்கிட்டாளாம், இவ அழுதாளாம். சொல்லுவா.”

அப்படி ஒரு பச்சை அவள் கையில் இருந்ததா? சுந்தரலிங்கத்துக்கு ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு அந்தக் கையை அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்தவன், புண்ணை மட்டுந்தான் பார்த்திருந்தான்.

துரை இதைப் பார்க்கக் கூடாது என்பதுதான் முதலில் தோன்றியது. மயிர் வளரக் காலம் எடுக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். பச்சையை, மருந்துக் கறை என்று சொல்லிக்கொள்ளலாம். புண் இல்லை; அதுதான் கணக்கு. ஆனால் கூடையோடு அது பெரட்டுக்குப் போய் நிற்பதைத் துரை பார்த்தால்? கூடையை எடுத்துவிட வேண்டும். கூடை போனால் எல்லாம் போய்விடும்.

“அவிழ்டா அத.”

“என்னால முடியாதுங்கய்யா.”

“முடிச்சு நீ போட்டதுதானே?”

“நான் போட்டது ஒரு முடிச்சுங்க. நீங்களே பாருங்க.”

கயிறு நாயின் மயிரோடு பின்னிக் கிடந்தது. எந்த இடத்தில் கயிறு முடிகிறது, எந்த இடத்தில் மயிர் தொடங்குகிறது என்று தெரியவில்லை. எண்ணெய் தடவிச் சீவி முடிந்த கொண்டையைப் போல் உருண்டிருந்தது. இப்றாஹீமைக் கூப்பிட்டான். அவர் குசினி வாசலிலேயே நின்று கையை விரித்தார். “இந்தா, கத்தியத் தாறேன். கை வைக்க மாட்டன், கிளாக்கர். அது நாயா இருந்தாலும் மாட்டன். நாயா இல்லாட்டியும் மாட்டன்.”

எனவே அவனே வெட்ட வேண்டியதாயிற்று. கூடைக்குள் கையை விட்டு, கழுத்தோடு ஒட்டிய கயிற்றைத் தேடினான். உள்ளே கதகதப்பாக இருந்தது. தேங்காயெண்ணெய் வாடை, புகையிலை வாடை, வெயிலில் வேலை செய்த ஒரு பெண்ணின் வியர்வை வாடை. அவன் விரல்களில் ஏதோ ஈரம் பிசுபிசுத்தது. நாய் அசையவில்லை. கயிறு அறுந்தபோது அது ஒரு பெருமூச்சு விட்டது, பாரம் இறக்கியவர்கள் விடுகிற மூச்சு. கூடையைப் பள்ளத்தில் எறிந்தான். தேயிலைச் செடிகளில் பட்டு உருண்டு கண்ணுக்கு மறைந்தது.

மறுநாள் பெரட்டுக்கு நாய் வரவில்லை. பெண்கள் வரிசையில் இடைவெளியும் இல்லை. சுந்தரலிங்கம் நிம்மதியாக ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தான்.

அரிப்பு அப்போது தொடங்கியது.

இடக்கை விரலிடுக்கில். கொசு கடித்ததுபோல. சொறிந்தான். சுகமாக இருந்தது. மணிக்கட்டுக்கு ஏறியது. சொறிந்தான். நடுப்பகலில் தோல் சிவந்து, பொட்டுப் பொட்டாக நீர் கட்டியது. கெந்தக எண்ணெயைத் தடவினான். நெருப்பை அள்ளிப் பூசினதுபோல் எரிந்தது. அரிப்பு எரிச்சலுக்கு அடியில் போய், எலும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கஞ்சியை ஊற்றினான். கஞ்சி கையிலேயே காய்ந்து உதிர்ந்தது. ஆபீஸ் மேசையின் விளிம்பில் கையைத் தேய்த்தான். டக், டக், டக் என்று மேசை ஆடியது. அந்த ஓசையைக் கேட்டதும் நிறுத்தினான். நிறுத்த முடியவில்லை.

கஷாயம் ஒன்றுதான் மிச்சம். அழகரைக் கூப்பிட்டான். கதவருகில் வந்து நின்ற அழகர், நகக்கண்ணில் இரத்தமாக இருந்த கிளாக்கரையும், கிளாக்கரின் கையையும் பார்த்தான்.

“புகையில காச்சி எடுத்துட்டு வா. சுருக்கா.”

“வர்றேங்கய்யா.” அழகர் நகரவில்லை. “எந்தக் கணக்குல காச்சட்டும்?”

“என்னடா கணக்கு?”

“நாய்க்கு ஊத்துன கணக்கா, அவளுக்கு ஊத்துன கணக்கா?”

மரியாதையாகத்தான் கேட்டான். முண்டாசைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பதிலுக்குக் காத்து நின்றான். முகத்தில் கோபம்கூட இல்லை. சுந்தரலிங்கம் அந்த முகத்தையே பார்த்தான். தண்ணீர் கலந்தேன் என்று இவன் சொல்வான். கலந்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரில் ஊற்றிப் பார்ப்பது?

“வேண்டாம். போ.”

“சரிங்கய்யா.”

“போடா!”

கதவைச் சாத்தித் தாழ் போட்டான். மூடுபனி ஜன்னலில் வந்து ஒட்டியது. அறை சாம்பல் நிறமாயிற்று. அரிப்பு முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. பல்லால் கடித்தான். தோல் பிரிந்து வாயில் வந்தது. உப்பாக இருந்தது. அழுதான்.

மேசைக்கு அடியில் ஏதோ அசைந்தது.

எப்போது உள்ளே வந்தது? தாழ் போட்டிருந்தது. பெஸ்ஸி மேசைக் கால்களுக்கு நடுவே படுத்திருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. தலையை எந்தப் பக்கமும் திருப்பலாம். அது தலையைத் திருப்பி, தொங்கிக்கொண்டிருந்த அவன் கையை முகர்ந்தது.

நக்கியது.

குளுகுளுவென்று இருந்தது.

அந்த நாக்கு போன இடமெல்லாம் அரிப்பு அணைந்தது. ஐயோ, அந்தச் சுகம். தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது, அவனுடையதுதான். கையை எடுத்தான். எடுத்த கணமே அரிப்பு திரண்டு ஏறியது. கையைத் தாழ்த்தினான். நாக்கு வந்தது. எடுக்கக் கூடாது. நக்கினால் புண் ஆறாது என்பது தெரியும். ஆனாலும் எடுக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்ச நேரம்.

வெளியே செருப்போசை. தபால் பை தூக்கும் வீரய்யா. “கிளாக்கரய்யா! பண்டாரவளைக்குக் கடுதாசி இருக்குன்னாங்க. பனி எறங்குது, போவணும்.”

“நில்லு. எழுதிட்டேன். நில்லு.”

எழுதவில்லை. வலக்கையால் தாளை இழுத்தான். மசிக்கூட்டை அதன்மேல் வைத்து அசையாமல் செய்தான். எழுத்து கோணவில்லை. பதுளைப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன். மதிப்புக்குரிய துரையவர்களுக்கு. பெஸ்ஸியின் புண் முற்றாக ஆறிவிட்டது. சொறிவதில்லை. நன்றாகச் சாப்பிடுகிறது. தங்கள் உத்தரவின்படி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கீழ்ப்படிவுள்ள.

மேசைக்கு அடியில் நாக்கின் ஓசை மாறியிருந்தது. முதலில் ஈரமாக, தட்டில் பால் குடிப்பதுபோல் கேட்டது. இப்போது வறண்டு கேட்டது. கடினமான எதன்மேலோ சொரசொரவென்று.

அவன் கீழே பார்த்தான்.

விரல்கள் வெள்ளையாக இருந்தன. சுத்தமாக இருந்தன. எலும்பின் கணுக்கள் எல்லாம் தெரிந்தன. வலி இல்லை. கொஞ்சமும் இல்லை. நாய் மாநிறத் தோல் படர்ந்த முன்னங்கால்களால் அந்த மணிக்கட்டை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் துடைக்கிற பொறுமையோடு, மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“ஐயா!”

“வர்றேன்.”

தாளை ஒரு கையால் மடித்தான். உறையில் போட்டான். அரக்கை மெழுகுவத்தியில் காட்டினான். சிவப்பு சொட்டியது. தோட்டத்து முத்திரையை வைத்து அழுத்தினான். ஜன்னலை ஒரு சாண் திறந்து, கடிதத்தை நீட்டினான்.

“நாய்க்கு நல்லாயிருச்சாங்கய்யா?”

“நல்லாயிருச்சு.”

“அப்ப உங்க வேலை தப்பிச்சுது.” வீரய்யா சிரித்துக்கொண்டே கடிதத்தைப் பைக்குள் போட்டு, வாரை இழுத்துக் கட்டினான். பனிக்குள் நாலடி போனதும் அவன் முதுகு தெரியவில்லை. பையின் பித்தளை வளையம் மட்டும் சிறிது தூரம் கிணுங்கிக்கொண்டே போயிற்று.

சுந்தரலிங்கம் ஜன்னலைச் சாத்தினான். வலக்கையின் விரலிடுக்கில் கொசு கடித்ததுபோல் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கையையும் மேசைக்கு அடியில் தாழ்த்தினான்.